வைட்டமின் டி ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? கேள்வி பதில்

வேளச்சேரி: ரிப்போர்ட்டில் 24 என்று சிவப்பில் வந்திருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மாத்திரை போட வேண்டுமா மேடம்?

முதலில் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்றால் 24 நல்ல அளவுதான். லிட்டருக்கு நானோமோல் என்றால் 2.5-ஆல் வகுக்க வேண்டும். பத்துக்கும் குறைவாக வரும், அதற்கு நிச்சயம் சிகிச்சை தேவை. நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் நானோகிராம்தான். பல லேப்கள் 30-க்குக் கீழே எது வந்தாலும் சிவப்பு அடித்துவிடுகின்றன. அந்த 30 என்ற கோட்டை 2011-ல் வகுத்தது அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி என்ற ஹார்மோன் டாக்டர்கள் சங்கம். 2024 வழிகாட்டியில் அவர்களே அதைக் கைவிட்டார்கள். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக இந்த டெஸ்ட் எடுக்கவே வேண்டாம் என்றும் சொன்னார்கள். எலும்புக்கு 20 போதும். 12-க்குக் கீழே போனால்தான் கவலை.

பெரம்பூர்: அம்மாவுக்கு 60,000 யூனிட் மாத்திரை 8 எழுதினார்கள். தினம் ஒன்று என்று நினைத்து 5 போட்டுவிட்டார்.

இன்றே நிறுத்துங்கள். அது வாரம் ஒன்று, 8 வாரத்துக்கு. 5 மாத்திரை 3 லட்சம் யூனிட். இந்த அளவோடு நின்றால் பெரிய பாதிப்பு வருவது அரிது. ஆனாலும் டாக்டரிடம் சொல்லி, ரத்தத்தில் கால்சியமும், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், பேச்சில் குழப்பம் இருந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். இந்த வைட்டமின் கொழுப்பில் தங்கிவிடும். பி காம்ப்ளக்ஸ் மாதிரி சிறுநீரில் வெளியேறிவிடாது. வாரக்கணக்கில் தினமும் போட்டு, கால்சியம் ஏறி, கிட்னி கெடுவதெல்லாம் இந்த ஒரு தவறால்தான். மாத்திரை அட்டையிலேயே 'ஞாயிறு மதியம்' என்று பேனாவால் எழுதிவையுங்கள். எண்ணெய், நெய் சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் நன்றாக உடம்பில் சேரும்.

அம்பத்தூர்: டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

தேவையில்லை.

தி.நகர்: ஒரே வாரத்தில் ஒரு லேபில் 22, இன்னொன்றில் 28. எது தப்பு?

இரண்டுமே சரியாக இருக்கலாம். லேபுக்கு லேப் கருவியும் முறையும் மாறும். இந்த அளவு வித்தியாசம் சகஜம். ஒப்பிட்டுப் பார்ப்பதானால் அதே லேபில் எடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? சில கருவிகளில் அது வைட்டமின் டி-யைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். சீட்டில் '25-ஹைட்ராக்சி' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். '1,25-டைஹைட்ராக்சி' வேறு டெஸ்ட். குறைபாடு இருக்கும்போதும் அது நார்மலாகவே வரும், ஏறிக்கூட வரும்.

அண்ணா நகர்: தினமும் காலை 6 மணிக்கு வாக்கிங் போகிறேன். ஆனாலும் 11 தான்!

நடை இதயத்துக்கு நல்லது, விடாதீர்கள். ஆனால் அந்த நேரத்து வெயிலில் தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் யுவிபி கதிர் ஏறக்குறைய இல்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் கணக்கு: சுமார் 10 முதல் 3 மணி வரை. கை, கால் திறந்திருக்க வேண்டும். கார் கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது. ஆனால் கத்திரி வெயிலில் நின்று மயங்கி விழவும் வேண்டாம். 11-க்கு வெயிலை மட்டும் நம்ப முடியாது. டாக்டரைப் பார்த்து மாத்திரை எடுங்கள்.

தாம்பரம்: அப்பாவுக்கு 68 வயது. வைட்டமின் டி 14, கால்சியம் 11.2. மாத்திரை ஆரம்பிக்கலாமா?

இப்போது வேண்டாம். வைட்டமின் டி குறைந்தால் கால்சியம் நார்மலாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். அப்பாவுக்கு இருப்பதுபோல் டி குறைந்து கால்சியம் ஏறியிருந்தால், கழுத்தில் இருந்து கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும். ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தோடு கால்சியத்தை மறுபடி பார்த்து, அந்தச் சுரப்பியின் ஹார்மோனான பிடிஹெச் டெஸ்டும் எடுத்துக்கொண்டு எண்டோகிரைன் டாக்டரிடம் போங்கள். காசநோய், சார்காய்டோசிஸ் (நுரையீரல் போன்ற உறுப்புகளில் சிறு முடிச்சுகள் உண்டாகும் நோய்) போன்றவற்றிலும் கால்சியம் ஏறும். அப்போது கடையில் தானாக வாங்கிப் போடும் 60,000 யூனிட் ஆபத்தாகிவிடும். சிறுநீரகக் கல் வந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

குரோம்பேட்டை: மறுபடி எப்போது டெஸ்ட்?

மாத்திரை ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து. அதற்குள் எடுத்தால் அளவு இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும், காசுதான் வீண்.