பள்ளியில் என்ன கேட்கலாம்? ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பையனுக்கு ஏழு வயது. சேலத்தில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஆட்டிசம் என்று நாலு வயதிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். கணக்கு நன்றாகப் போடுவான், எழுதச் சொன்னால்தான் கஷ்டம். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வகுப்பை விட்டு ஓடிவிடுகிறான். தினமும் பதினோரு மணிக்கெல்லாம் "வந்து கூட்டிட்டுப் போங்க" என்று போன் வந்துவிடும். போன வாரம், "நீங்களே சம்பளம் கொடுத்து ஒரு ஆள் வையுங்க, இல்லன்னா டிசி வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் வெள்ளிப்பட்டறையில் கொலுசு வேலை செய்கிறார், ஆள் வைக்க எங்களுக்கு வசதி இல்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் உதவி கிடைக்குமாம், ஆனால் மாமியார் "புள்ளைக்கு முத்திரை குத்திடாதே" என்கிறார். என்ன செய்வது?
– ஒரு தாய், அம்மாபேட்டை

பதில்: டிசி மட்டும் வாங்கிவிடாதீர்கள் அம்மா. நீங்கள் எழுதிக் கொடுத்து வாங்கினால், நீங்களாகவே நிறுத்திக்கொண்டதாகத்தான் பதிவாகும். கல்வி உரிமைச் சட்டம், 2009-ன்படி எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது, ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பொருந்தும். இந்த 2016 சட்டத்தின் 16-வது பிரிவு அரசு நிதி பெறும் பள்ளிக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிக்கும் உண்டு: பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், குழந்தையின் தேவைக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும். 1995-ல் வந்த பழைய சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை, புதிய சட்டத்தின் 21 வகைகளில் அதுவும் ஒன்று. பள்ளி உங்களுக்குச் சலுகை செய்யவில்லை, செய்ய வேண்டியதைத்தான் செய்யப் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள், குரலே மாறிவிடும்.

பல பெற்றோர் தலைமையாசிரியர் முன்னால் நின்று "எப்படியாவது பார்த்துக்கோங்க சார்" என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் "எப்படியாவது" என்றால் என்ன செய்வதென்று அவருக்கும் தெரியாது. மூன்றே மூன்று விஷயம் கேளுங்கள், அவர்கள் நாளைக்கே செய்யக்கூடியதாக இருக்கட்டும். உங்கள் பையனுக்கு என்றால் நான் இப்படிக் கேட்பேன். மணியிலிருந்து தள்ளி, சுவர் ஓரமாக ஓர் இடம், மணி அடிப்பதற்கு முன்னால் "இப்போ மணி அடிக்கும்" என்று ஒரு வார்த்தை. அன்றைக்கு எந்தப் பாடத்துக்குப் பிறகு எது என்று படம் வரைந்த ஒரு அட்டை, மேசையில் ஒட்டி. முடியாமல் போகும்போது அவன் காட்ட ஒரு சிவப்பு அட்டை, காட்டினால் ஐந்து நிமிடம் நூலகத்திலோ வராந்தாவிலோ உட்கார்ந்துவிட்டு வர அனுமதி. இதற்கெல்லாம் பத்து ரூபாய்கூட ஆகாது. எழுதுவதற்குப் பதில் வாயால் சொல்ல விடுவதை அடுத்த மாதம் கேட்கலாம்.

இதைப் பேச்சோடு விடாதீர்கள். ஒரு பக்கத்தில் கடிதமாக எழுதி, இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியோடு பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், ரசீது இருந்தால் போதும். ஒரு மாதம் கழித்து உட்கார்ந்து பேசுவோம் என்று தேதியும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

அப்புறம் அந்தப் பதினோரு மணி போன். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்று டைரியில் எழுதச் சொல்லுங்கள், நீங்களும் எழுதி வையுங்கள். நான் பார்த்த ஒரு பையன் தினமும் இடைவேளைக்குப் பிறகு அலறுவான், சேட்டை என்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். இரண்டு வாரக் குறிப்பை எடுத்து வைத்துப் பார்த்தால், அவன் வகுப்பு வாசலில்தான் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு மணி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வகுப்பை மாடிக்கு மாற்றினார்கள். அலறல் ஒரே நாளில் நிற்கவில்லை, ஆனால் மாத முடிவில் அவன் முழு நாளும் இருந்தான். குழந்தை அடம் பிடிக்கும்போது நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழும், வேண்டியது கிடைத்தால் நிறுத்திவிடும். சத்தமோ கூட்டமோ தாங்க முடியாமல் உடைந்து போகும் குழந்தைக்கு யார் பார்க்கிறார்கள் என்பதே தெரியாது, மிட்டாய் கொடுத்தாலும் நிற்காது. ஆசிரியருக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைப்பது பாதி வேலை.

நீங்கள் ஆள் வைத்தால்தான் வகுப்பில் உட்கார வைப்போம் என்று நிபந்தனை போடுவதும் பாகுபாடுதான். தேவையான வசதியைத் தர மறுப்பதே பாகுபாடு என்று 2016 சட்டம் சொல்கிறது. கடிதத்துக்குப் பிறகும் அசையவில்லை என்றால், அதே நகலை வைத்து தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளிலும் கொடுக்கலாம். அதற்கு மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார்.

சான்றிதழ் விஷயத்தில் மாமியாருடைய பயம் எனக்குப் புரிகிறது, பேரன் மேல் உள்ள பாசம்தான் அது. ஆனால் வாங்கிவிடுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான மத்திய அரசின் யூடிஐடி இணையதளத்தில் விண்ணப்பித்தால், அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பார்க்கும். ஆட்டிசத்துக்கென்று நம் நாட்டில் உருவாக்கிய 40 கேள்விகள் கொண்ட அளவுகோல் இருக்கிறது, அதை வைத்து மதிப்பிடுவார்கள். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால், 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், மொழிப்பாட விலக்கு எல்லாவற்றுக்கும் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். அப்போது ஓடுவதைவிட இப்போதே நிதானமாக வாங்கி பீரோவில் வைப்பது நல்லது. மணி சத்தத்துக்கு ஓடும் பையனை "சேட்டைக்காரன்" என்று வகுப்பே கூப்பிடுகிறதே, அந்த முத்திரையைவிட இது எவ்வளவோ மேல் என்று பாட்டியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் ஏற்காடு மலையில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம், காபித் தோட்ட வேலை. மகளுக்கு ஐந்து வயது, இன்னும் பேச்சு வரவில்லை, ஆட்டிசம் என்கிறார்கள். வாராவாரம் சேலம் இறங்கி ஏற முடியவில்லை, வளைவுகளில் பஸ் ஏறினாலே அவள் அழுகிறாள். இங்கேயே அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா?
– ஒரு தந்தை, ஏற்காடு

பதில்: தாராளமாகச் சேருங்கள். பேச்சு வந்த பிறகு வாருங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஏற்காடு தனி வட்டாரம் என்பதால் அங்கேயே வட்டார வள மையம் இருக்கிறது, அங்கே சிறப்பாசிரியரைக் கேளுங்கள். சேர்க்கும்போதே தலைமையாசிரியரிடம் சொல்லி, எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவில் சிறப்புத் தேவை உள்ள குழந்தை என்று ஏற்றச் சொல்லுங்கள், அந்தப் பதிவு இருந்தால்தான் சிறப்பாசிரியர் பள்ளிக்கு வந்து பார்ப்பதும், மருத்துவ முகாமும், போக்குவரத்துப்படியும், கூட வருபவருக்கான படியும் தேடி வரும். ஒரு முறை மட்டும் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து முழுமையாகப் பரிசோதித்து, வீட்டில் என்ன பயிற்சி செய்வதென்று கற்றுக்கொண்டு போங்கள். காலையில் கூட்டம் இல்லாத முதல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்துப் பாருங்கள்.

அதுவரை வீட்டில் படங்களை வைத்துப் பேசுங்கள். தண்ணீர் குடம், தட்டு, செருப்பு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து அச்சடித்துச் சுவரில் ஒட்டி, வேண்டியதைத் தொட்டுக் காட்டப் பழக்குங்கள். படம் காட்டிப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்பார்கள், அது உண்மையில்லை. கேட்டது கிடைக்கும் என்று தெரிந்த குழந்தைக்குக் கேட்கும் ஆசை கூடும்.

கேள்வி: என் வகுப்பில் 38 பிள்ளைகள், அதில் ஒருவனுக்கு ஆட்டிசம். தனிப் பயிற்சி எதுவும் எனக்கு இல்லை. நான் என்ன செய்யட்டும்?
– ஓர் ஆசிரியை, குகை, சேலம்

பதில்: நீங்கள் கேட்டதே எனக்கு அவ்வளவு சந்தோஷம் டீச்சர். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள்: "புத்தகம் எடு." எடுத்த பிறகு "பக்கம் பன்னிரண்டு." "எல்லாரும் எடுங்க" என்றால் தன்னையும்தான் சொல்கிறீர்கள் என்று அவனுக்குத் தோன்றாமல் போகலாம், அதனால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்பான். வழக்கம் மாறும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு விடுமுறை வருகிறதே, அதைக்கூட நாள்காட்டியில் வட்டம் போட்டு ஒரு வாரமாகக் காட்டுங்கள். அவன் அம்மாவிடம் வாரம் ஒரு முறையாவது அவன் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள், பள்ளியிலிருந்து போன் வந்தாலே பயந்துபோய் எடுக்கிறார்கள் அந்த அம்மாக்கள்.