மூளையும் முரட்டுத்தனமும்: வாசகர் கேள்வி-பதில்

சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) வாசகி: பதினைந்து வயது மகன் நண்பர்களோடு கடையில் திருடிப் பிடிபட்டான். மூளையை ஸ்கேன் எடுக்கலாமா?

வேண்டாம். ஒருவன் திருடுவானா மாட்டானா என்று சொல்லும் ஸ்கேன் எதுவும் இல்லை. பரபரப்பை நாடும் மூளைப் பகுதிகள் பதின்பருவத்திலேயே விழித்துக்கொள்ள, அவற்றை அடக்கும் நெற்றிமூளையோ ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் துணிச்சல் இன்னும் கூடும். மகன் யாரோடு சுற்றுகிறான் என்று பாருங்கள்.

டொங்காட் வாசகர்: பையன் முரடன். என்ன செய்வது?

வயதை எழுதுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது? ஐந்து வயதில் தொடங்கி நீடிக்கும் முரட்டுத்தனமும் பதினான்கில் முளைத்து இருபதுகளில் தணிவதும் வேறு வேறு என்று உளவியலாளர் டெர்ரி மோஃபிட் 1993-இலேயே பிரித்துக் காட்டிவிட்டார். விவரத்தோடு மறுபடியும் எழுதுங்கள்.

ஃபீனிக்ஸ் வாசகர்: தாத்தா பிரம்பால் அடித்துத்தான் வளர்த்தார், நாங்கள் கெட்டா போனோம்? சட்டம் குறுக்கே வந்த பிறகுதான் பிள்ளைகள் தறிகெட்டார்கள்.

மாதந்தோறும் இப்படி ஒரு கடிதம் வந்துவிடுகிறது. நம் தென்னாப்பிரிக்காவில், பள்ளிகளில் அடி 1996-இல் தடைசெய்யப்பட்டது. வீட்டில் பெற்றோருக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியதோ 2019-இல்தான். அதற்கு முன் நம் தெருக்களில் அடிதடியே இல்லையா? அடிபட்டும் நன்றாக வாழ்பவர் எனக்குக் கடிதம் எழுதுகிறார்; அடிபட்டு வீட்டைவிட்டு ஓடியவன் எழுதுவதில்லை. ஒருமுறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கோப்பினை எடுக்க நான் கையை உயர்த்தியபோது, எதிரே இருந்த ஒன்பது வயதுச் சிறுவன் முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். இப்படி அடிபட்டு வளரும் பிள்ளைகள் பிறர் முகத்தில் கோபத்தை மிக விரைவாகக் கண்டுகொள்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே விளையாட்டுத் திடலில் யாராவது தற்செயலாக இடித்தாலும் முதல் குத்து இவர்களுடையதாக இருக்கும். தாத்தாவின் பிரம்பை நினைவில் வைத்திருப்பவர்கள், அடி விழுந்ததும் ஓடி ஒளிந்துகொள்ள அதே வீட்டில் ஓர் அத்தையோ பெரியம்மாவோ இருந்ததை மறந்துவிடுகிறார்கள். குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950-இன் குழுப்பகுதிச் சட்டத்தின் பெயரால் நம் இந்திய வம்சாவளியினரை டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்து நகரியங்களில் குடியமர்த்தியபோது, பல கூட்டுக் குடும்பங்கள் சிதறிப்போயின. பிரம்பு மட்டும் கூடவே வந்துவிட்டது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி: தந்தை சிறையில். மகனுக்கும் அது ரத்தத்தில் வருமா?

சாய்வு வரலாம், குற்றம் வராது. 2002-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், மூளையின் வேதித் தூதுப்பொருள்களைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ்-ஏ நொதி மந்தமாக இருந்த ஆண்களிடம்கூட, சிறுவயதுக் கொடுமையும் சேர்ந்தபோதுதான் வன்முறை தெளிவாக மிகுந்தது. வீட்டில் அவன் யாரிடம் பயமின்றிப் பேசுகிறான்? அதையும் எழுதுங்கள், வயதையும்தான், நீங்களும் விட்டுவிட்டீர்கள்.