எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்?

மனிதச் செயல்பாடுகள் பல்லுயிரையும் வாழிடங்களையும் என்ன செய்கின்றன என்று ஆராய விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஏரிகளிலும் மலைப் புல்வெளிகளிலும் களப்பணி செய்து வருகிறேன். தெரிந்த வரையில் சொல்கிறேன்.

முதுகலை விலங்கியல் மாணவி, திருநெல்வேலி: "பல்லுயிர் மீது மனிதர்களின் தாக்கம்" என்று தலைப்பு வைத்தேன் மேடம். இது தலைப்புதான், ஆய்வுக் கேள்வி இல்லை என்று என் வழிகாட்டி திருப்பி அனுப்பிவிட்டார். எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் வழிகாட்டி சொல்வது சரி. 2019-இல் ஐ.நா. ஆதரவுடன் இயங்கும் பல்லுயிர் அறிவியல் குழு வெளியிட்ட உலக மதிப்பீட்டில், இயற்கை சிதைவதற்கு ஐந்து நேரடிக் காரணங்கள் சொல்லப்பட்டன. நிலத்தையும் கடலையும் பயன்படுத்தும் விதம் மாறியது, உயிரினங்களை அளவு மீறி எடுப்பது, காலநிலை மாற்றம், மாசு, அயல் இனங்களின் பரவல். இந்த ஐந்தில் ஒன்றை எடுத்துக்கொண்டாலே வாழ்நாள் போதாது. ஆகவே ஒரு காரணம், ஓர் உயிரினக் குழு, நீங்கள் நடந்து போய்ச் சேரக்கூடிய ஓர் இடம் என்று சுருக்குங்கள்.

உங்கள் ஊரில் தாமிரபரணி ஓடுகிறது. நகரத்துக் கழிவுநீர் அதில் கலக்கிறது. தட்டானின் இளம்பருவம் முழுவதும் தண்ணீருக்குள் கழிவதால், தண்ணீர் கெட்டால் அது உடனே உணரும். "ஆற்றோட்டத்தில் கழிவுநீர் கலக்கும் இடங்களுக்கு மேலேயும் கீழேயும் தட்டான் இனங்களின் எண்ணிக்கையில் வேறுபாடு உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு "இல்லை" என்ற பதிலும் வரலாம். அப்படி வரக்கூடிய கேள்விதான் ஆராயத் தகுந்தது. உங்கள் பழைய தலைப்புக்கு "தாக்கம் இல்லை" என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் அது திரும்பி வந்தது.

கல்லூரி ஆசிரியர், தருமபுரி: நல்ல கேள்வி ஒன்று ஓர் இனத்தையே காப்பாற்றியது என்று மாணவர்களுக்குச் சொல்ல ஓர் உதாரணம் வேண்டும்.

பாறுகளின் கதையைச் சொல்லுங்கள். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் பறவைக்குப் பாறு என்ற பழைய தமிழ்ப் பெயர் இருக்கிறது. எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும்.

1990-களில் ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவில் பாறுகள் வேகமாகக் குறைவதைப் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் பதிவு செய்தார். பிறகு நாடு முழுவதும் எண்ணியபோது, வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் பதினைந்தே ஆண்டுகளில் மறைந்துவிட்டது தெரிந்தது. எல்லோரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். இரை போதவில்லையா? ஆனால் மாட்டுப் பிணங்கள் தின்ன ஆளில்லாமல் கிடந்தன. பூச்சிக்கொல்லியா, புதிய வைரஸா என்ற சந்தேகம் பல ஆண்டுகள் நீடித்தது.

பாகிஸ்தானில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற ஆய்வாளர் தலைமையிலான குழு செத்த பறவைகளைத் திறந்து பார்த்தது. பலவற்றின் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. நோய்க்கிருமிகளைத் தேடினார்கள், பூச்சிக்கொல்லியைத் தேடினார்கள், கன உலோகங்களைத் தேடினார்கள். காரணம் என்று சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. அந்த இடத்தில் கேள்வியை மாற்றினார்கள். "பறவைக்கு என்ன நோய்?" என்பதை விட்டுவிட்டு, "இந்தப் பறவைகள் தின்பது மாட்டை. அந்த மாட்டின் உடம்புக்குள் என்ன போகிறது?" என்று கேட்டார்கள். கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிலும் விசாரித்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய, பரவலாக விற்கும் மருந்து ஒன்று அகப்பட்டது. டைக்ளோஃபினாக் என்ற வலி நிவாரணி.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்த படி. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பறவைகளைச் சோதித்தார்கள், 25-இலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13 பறவைகளையும் சோதித்தார்கள், ஒன்றில்கூட இல்லை. அந்த 13 இல்லாமல் 25-ஐ மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்லியிருக்க முடியாது. எல்லாப் பாறுகளின் உடம்பிலும் அந்த மருந்து இருக்கிறது போலும் என்று ஒருவர் கேட்டால் பதில் இருந்திருக்காது. 2004-இல் கட்டுரை வெளிவந்தது. 2006-இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் மாடுகளுக்குப் போவதைத் தடுக்க 2015-இல் குப்பியின் அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. பாறுகளுக்கு ஆபத்தான வேறு இரண்டு வலி நிவாரணிகள், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடையாயின. மெலாக்சிகாம் என்ற வலி நிவாரணி பாறுகளுக்குப் பாதுகாப்பான மாற்று.

இன்னொன்றையும் சொல்லுங்கள். அந்த அளவு வீழ்ச்சிக்கு நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவாக நஞ்சிருந்தாலே போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே பிணத்தில் பத்து, இருபது பறவைகள் கூடித் தின்னும் பழக்கம் அப்படிச் செய்துவிட்டது. தமிழ்நாட்டில் பாறுகள் இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மாயாற்றுப் பள்ளத்தாக்கில். முதுமலைப் பக்கம் போகும்போதெல்லாம் வானத்தைப் பார்ப்பேன். அகன்ற சிறகு ஒன்று தெரிந்தால் அன்று முழுவதும் மனம் நிறைந்திருக்கும்.

பிளஸ் ஒன் மாணவர், கோவை: செல்பேசி கோபுரங்களால் சிட்டுக்குருவி அழிகிறது என்பதை அறிவியல் கண்காட்சியில் நிரூபிக்க விரும்புகிறேன். எப்படிச் செய்வது?

தம்பி, "நிரூபிக்க" என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். "சோதிக்க" என்று வையுங்கள்.

நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் பதிந்த பட்டியல்களைத் தொகுத்து 2020-இல் வெளிவந்த "இந்தியப் பறவைகளின் நிலை" அறிக்கை, சிட்டுக்குருவி மொத்தத்தில் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்றும் சென்னை போன்ற பெருநகரங்களில் குறைந்திருக்கிறது என்றும் சொல்கிறது. நகரத்தில் கோபுரம் மட்டுமா வந்தது? ஓட்டு வீடு போய்க் கான்கிரீட் வந்தது, கூடு வைக்கப் பொந்து இல்லை. குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி வேண்டும், அதற்குச் செடி புதர் இல்லை. முறத்தில் புடைத்து முற்றத்தில் சிந்திய தானியம் இப்போது பாக்கெட்டில் வருகிறது. இவை எல்லாம் கோபுரத்தோடு சேர்ந்தே வந்தவை. எது காரணம் என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கடைகள் உள்ள தெருக்களாகத் தேடுங்கள். கோபுரம் இருக்கும் தெரு பத்து, இல்லாத தெரு பத்து. காலை ஒரே நேரத்தில், ஒரே அளவு நேரம் நின்று எண்ணுங்கள். கூடவே ஒவ்வொரு தெருவிலும் ஓட்டுக் கூரை எத்தனை, மளிகைக் கடை எத்தனை, புதர்ச்செடி எத்தனை என்றும் குறியுங்கள். வரும் பதில் நீங்கள் நினைத்ததாக இல்லாவிட்டாலும் அப்படியே காட்சிக்கு வையுங்கள்.

விவசாயி, ராமநாதபுரம் மாவட்டம்: சீமைக்கருவேலம் நிலத்தடி நீரை எல்லாம் உறிஞ்சிவிடுகிறது என்கிறார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்த மரத்தை வெட்டிக் கரியாக்கும் கரிமூட்டம்தான் பிழைப்பு. உண்மை என்ன அம்மா?

உங்கள் கேள்வியிலேயே இரண்டு பக்கமும் இருக்கின்றன ஐயா. இந்த மரம் நம் நாட்டுக்கு வந்து நூற்றைம்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் கொண்டுவந்தார்கள். ஆடு மாடு காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்புகிறது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. ஆழமாக வேர்விட்டு நீர் எடுக்கிறது என்பதும், அடர்ந்த இடத்தில் புல்லும் நாட்டுச் செடிகளும் குறைந்துபோகின்றன என்பதும் உண்மை. கோடியக்கரையில் வெளிமான் மேயும் திறந்தவெளிகளை இது மூடிவருவது வருத்தமான காட்சி. காற்றின் ஈரத்தைக்கூட உறிஞ்சிவிடும் என்று மேடையில் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டபோது ஊர் ஊராகப் பொக்லைன் இறங்கியது. என்னை உறுத்துவது அதற்குப் பிறகு வரும் கேள்வி: பிடுங்கிய இடத்தில் என்ன முளைத்தது? உங்கள் வட்டாரத்தில் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் அகற்றிய கண்மாய்கள், போன ஆண்டு அகற்றியவை, இன்னும் அகற்றாதவை என்று மூன்று வகையும் இருக்கும். மூன்றிலும் புல், செடி, பறவை, கிணற்று நீர்மட்டம் நான்கையும் பார்த்தால், ஆண்டுக்கணக்கில் காத்திருக்காமலே ஒரு விடை கிடைக்கும். கரிமூட்டக்காரர்களின் வருமானம் என்ன ஆனது என்பதையும் அதே ஆய்வில் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதிய பரிந்துரை ஊருக்குள் நிற்காது.

முனைவர் பட்ட ஆய்வாளர்: இரண்டு ஆண்டு உழைத்தும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆய்வு தோற்றுவிட்டதா?

இல்லை. போதுமான இடங்களில், சரியான முறையில் பார்த்திருந்தால் அதுவும் முடிவுதான். எழுதி வெளியிடுங்கள். அடுத்தவர் அதே இரண்டு ஆண்டைச் செலவழிக்காமல் இருப்பார்.

தாவரவியல் மாணவர், உதகை: மரம் நடச் சொல்கிறோம். இங்கேயோ வாட்டில் மரங்களை வெட்ட வேண்டும் என்கிறார்கள். முரண்பாடாக இல்லையா மேடம்?

மலை உச்சிகளில் இயற்கையாக இருந்தது புல்வெளியும் அதன் மடிப்புகளில் சோலை என்னும் அடர்ந்த குறுங்காடும். வெள்ளைக்காரர்கள் புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து யூக்கலிப்டஸையும் வாட்டிலையும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் காகிதக் கூழுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் நடுவது தொடர்ந்தது. பழனி மலையில் மட்டும் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். வரையாட்டுக்கும் நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவைக்கும் புல்தான் வீடு. அங்கே நட்ட மரம் அவற்றின் வீட்டை இடித்த மரம்.

ஆனால் வெட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எழுதிவிடாதீர்கள். வாட்டில் விதை மண்ணில் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். வெட்டி வெயில் பட்டதும் கீரை முளைப்பதுபோல முளைக்கும். இன்னொரு பக்கம், பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வளர்வதும் தெரிகிறது. எங்கே வெட்டினால் புல் திரும்பும், எங்கே விட்டுவைத்தால் சோலை வரும்? நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள். நானாக இருந்தால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

மீனவர் குடும்பத்துப் பட்டதாரி, தூத்துக்குடி: 61 நாள் மீன்பிடித் தடையால் மீன் பெருகுகிறதா என்று ஆராய முடியுமா?

முடியும், ஆனால் நேராகப் போனால் சிக்கிக்கொள்வீர்கள். 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய தடை 2017-இலிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளாக நீண்டது. கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகுகள் ஒரே நாளில் நிற்கின்றன. தடை இல்லாத கடல் என்று ஒப்பிடப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. தடை முடிந்த முதல் வாரம் மீன் நிறைய விழும். இரண்டு மாதம் யாரும் இழுவை வலை போடாததால் சேர்ந்த மீன் அது. இனம் பெருகியதற்கு அதுவே சான்றாகிவிடாது.

கேள்வியைச் சிறிதாக்குங்கள். தடைக் காலமும் மீன் சினைப்படும் காலமும் ஒத்துப்போகின்றனவா? நாட்டுப் படகுகள் தடை நாட்களிலும் கடலுக்குப் போகின்றன. மாதாமாதம் கரைக்கு வரும் ஐந்தாறு இன மீன்களின் வயிற்றைப் பார்த்துச் சினை எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்து வந்தால், எந்த இனத்துக்கு இந்தத் தடை உதவுகிறது, எதற்கு உதவவில்லை என்று தெரிந்துவிடும். எந்த மாதம் எதில் சினை இருக்கும் என்று உங்கள் வீட்டுப் பெண்களுக்கே தெரியும், தினமும் மீன் அரிகிறவர்கள் அவர்கள்தானே. அவர்களிடம் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பிறகு அளந்து பாருங்கள். ஆய்வில் அவர்கள் பங்கையும் குறிப்பிடுங்கள்.

இளங்கலை மாணவி, சேலம்: களப்பணிக்கு அனுமதி தேவையா?

காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி கட்டாயம். காட்டுயிர்களைப் பிடிப்பதற்கு, எங்கே இருந்தாலும், அனுமதி வேண்டும். ஊர் ஏரிக்கரையில் நின்று பறவைகளைப் பார்த்து எண்ணுவதற்கு வேண்டாம்.

அதே மாணவி: உங்கள் ஆய்வில் நீங்கள் செய்த பெரிய தவறு எது?

முதல் ஆய்வில் இரண்டு ஏரிகளை எடுத்தேன். ஒன்றில் வெங்காயத்தாமரை மூடியிருந்தது, ஒன்று தெளிந்த நீர். ஒவ்வொன்றுக்கும் முப்பது முறை போய்ப் பறவைகளை எண்ணினேன். தலா முப்பது மாதிரிகள் என்று பெருமையாக எழுதினேன். தேர்வாளர் அமைதியாக ஒரே கேள்வி கேட்டார்: "எத்தனை ஏரி?" பதில் ஒன்றுக்கு ஒன்று. அந்த இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஆழம், சாலை, மீன் குத்தகை என்று நூறு வேறுபாடுகள் இருந்தன. எது வெங்காயத்தாமரையால் வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரே ஏரிக்கு முப்பது முறை போவதைவிட, பத்து ஏரிகளுக்கு மூன்று முறை போயிருக்க வேண்டும். அன்று இரவு அழுதேன். அடுத்த ஆண்டு பன்னிரண்டு ஏரிகளோடு மீண்டும் தொடங்கினேன்.

அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை, சிவகங்கை மாவட்டம்: கருவி எதுவும் இல்லை, பணமும் இல்லை. பிள்ளைகளை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

உங்கள் கண்மாய் ஒன்று போதும் டீச்சர். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கரையில் ஒரே இடத்தில் நில்லுங்கள். அரை மணி நேரம் கண்ணில் படும் பறவைகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். நீர் எந்தப் படிக்கட்டு வரை நிற்கிறது, ஆடு மாடு எத்தனை மேய்கிறது, கரையில் குப்பை எரிகிறதா என்பதையும் குறியுங்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியையும் அவர்கள் கண்மாயில் இதையே செய்யச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பிள்ளைகளின் பட்டியலையும் சேர்த்துவிடலாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். பறவை ஒன்றுகூட வராத சனிக்கிழமையிலும் பக்கத்தைக் காலியாக விடக்கூடாது. தேதி போட்டு, நேரம் போட்டு, "எதுவும் இல்லை" என்று எழுத வேண்டும்.