வட்டாரவாரியாகக் கவுன்சிலர் தேர்தல்: தோட்டப் பட்டணத்தார் கேட்க முடியுமா?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்தில், லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டு வந்தவர்கள் வாழும் தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். மதிப்பீட்டு வரி தவறாமல் கட்டுகிறோம். கால்வாய் அடைத்தால் கேட்க எங்கள் பக்கம் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. வட்டாரவாரியாகத் தேர்தல் நடத்தச் சொல்லி வழக்குப் போடலாமா? தேர்தல் வந்தால் எங்களுக்கு நன்மையா?

பதில்: வழக்குப் போடாதீர்கள். 1976 ஊராட்சிச் சட்டத்தின் (Local Government Act) 15-ஆம் பிரிவு, ஊராட்சித் தேர்தல் பற்றிய எல்லா விதிகளும் செல்லாது என்கிறது. பினாங்கு மாநிலம் 2012-இல் தேர்தலுக்காகத் தனிச் சட்டமே இயற்றிப் பார்த்தது. கூட்டரசு நீதிமன்றம் 2014-இல் அதை ஏற்கவில்லை. ஒரு மாநில அரசுக்கே கிடைக்காதது குடியிருப்பாளர் சங்கத்துக்குக் கிடைக்காது. திருத்தம் நாடாளுமன்றத்தில்தான் நடக்க வேண்டும்.

ஆனாலும் உங்கள் கோரிக்கை புதிதல்ல, நியாயமற்றதும் அல்ல. 1952-இல் கோலாலம்பூரில் 12 இடங்களுக்குத் தேர்தல் நடந்தபோது செந்தூல், பங்சார் இரண்டும் தனித்தனி வட்டாரங்கள். இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965-இல் தேர்தலை நிறுத்தினார்கள். செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் 1968-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை.

வட்டாரத் தேர்தல் வந்தால் நன்மையா என்பது கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. கணக்காகப் பாருங்கள். ஊரில் 12,000 வாக்காளர்கள், 6 வட்டாரங்கள், வட்டாரத்துக்கு ஓர் இடம் என்று வையுங்கள். நம்மவர்கள் 2,400 பேர். தோட்டத்தையும் பக்கத்துத் தாமானையும் ஒரே வட்டாரமாக்கி, அங்குள்ள 2,000 வாக்காளர்களில் 1,300 பேர் நம்மவர்களாக இருந்தால் ஓர் இடம் உங்கள் கையில். அதே 2,400 பேர் ஆறு வட்டாரத்திலும் 400, 400 ஆகச் சிதறினால் யாரையும் தனியாக வெல்ல வைக்க முடியாது. தோட்டம் துண்டாடப்பட்டு மக்கள் நாலாபக்கமும் போய்விட்ட ஊர்களில் நடப்பது இந்த இரண்டாவதுதான். ஊர் முழுவதற்கும் ஒரே பட்டியல், ஒவ்வொருவருக்கும் எத்தனை இடமோ அத்தனை ஓட்டு என்ற முறை இதைவிட மோசம். பெரிய அணி எல்லா இடத்தையும் அள்ளிவிடும்.

என்னைக் கேட்டால், சிதறி வாழும் சமூகத்துக்குப் பெரிய வட்டாரமே நல்லது. 4 வட்டாரம், வட்டாரத்துக்கு 3 இடம், ஆளுக்கு ஒரே ஓட்டு. ஒரு வட்டாரத்தின் 3,000 பேரும் ஓட்டுப் போட்டாலும் 751 ஓட்டு வாங்கியவர் தோற்க முடியாது; நான்கு பேர் தலா 751 வாங்க 3,004 ஓட்டு வேண்டும். திருத்தம் கோரி மனு எழுதும்போது ‘வட்டாரத் தேர்தல் வேண்டும்’ என்று மட்டும் எழுதாமல் இதையும் எழுதுங்கள்.

இப்போதைக்குக் கையில் இருப்பது நியமனம்தான். ஊராட்சிச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி மாநில அரசு 8 முதல் 24 உறுப்பினர்களை நியமிக்கிறது. ஒரு தவணை 3 ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. பெரும்பான்மையோர் ஊராட்சி எல்லைக்குள் குடியிருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, உங்கள் தாமானில் என்று சொல்லவில்லை. எல்லோரும் பெரிய பட்டணத்துக்காரர்களாக இருந்தாலும் நியமனம் செல்லும். அதனால் ‘நம் இனத்தவர் ஒருவரைப் போடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் எங்கோ இருக்கும் கட்சிக்காரர் வருவார், கால்வாய் அப்படியே கிடக்கும். ‘இன்னின்ன ஜாலான்கள் (சாலைகள்) அடங்கிய பகுதிக்கு ஓர் உறுப்பினரைப் பொறுப்பாக்கி எழுத்து மூலம் தெரிவிக்கவும்’ என்று கேளுங்கள். வட்டாரப் பொறுப்பை இப்படிப் பிரித்துக் கொடுக்கத் தேர்தல் தேவையில்லை. உங்கள் ஊரில் குடியிருக்கும், அனுபவமுள்ள ஒருவரின் பெயர், முகவரி, தொழில் விவரத்தையும் இணையுங்கள். தவணை முடியும் முன்பே மந்திரி பெசார் (மாநில முதல்வர்) அலுவலகத்துக்கும் ஊராட்சிக்குப் பொறுப்பான ஆட்சிக்குழு உறுப்பினருக்கும் அனுப்பி, நகலைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். நியமனம் முடிந்தபின் போகும் கடிதம் கோப்பில்தான் தூங்கும். சங்கம் பதிவாகியிருக்கட்டும், ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து பதிவில்லாமல் இயங்குவது 1966 சங்கச் சட்டப்படி சிக்கல்.

முழு மன்றக் கூட்டம் ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி பொதுமக்களுக்குத் திறந்தது; மன்றம் தீர்மானம் போட்டால் மூடலாம். செயற்குழுக் கூட்டங்கள் அப்படியல்ல. கூட்டத்துக்குப் போகும்போது புகார் எண்ணும் தேதியிட்ட கால்வாய்ப் படங்களும் கையில் இருக்கட்டும்.

லயத்தில் இன்னும் இருப்பவர்களுக்கு வேறு வழி. தோட்டம் தனியார் நிலம். உள்ளே உள்ள வீடு, குடிநீர், கால்வாய் எல்லாம் 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டப்படி (தொழிலாளர் குடியிருப்பு வசதிகள் பற்றியது) நிர்வாகத்தின் பொறுப்பு. புகார் தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும். வட்டாரக் கோடு தோட்டத்தைச் சேர்த்துக்கொண்டாலும் குப்பை லாரி தானாக உள்ளே வந்துவிடாது.

‘ஓட்டு இல்லையா, வரியும் இல்லை’ என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். வரி பாக்கிக்கு வீட்டுச் சாமானை ஜப்தி செய்ய ஊராட்சி மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மதிப்பீடு அதிகம் என்றால் மட்டும் ஊராட்சிச் சட்டத்தின் 142-ஆம் பிரிவின்கீழ், மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்கு 14 நாள் முன்பாவது எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

இன்னொன்று உடனே செய்ய வேண்டியது: பதிவிலாகாவில் மைகார்டு (அடையாள அட்டை) முகவரியை மாற்றுங்கள். வாக்காளர் பதிவு தானியங்கியான பிறகு, புதிதாகப் பதிவாகிறவருக்கு அந்த முகவரிதான் தொகுதி; ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் தேர்தல் ஆணையத்திடமும் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். லயம் இடிந்தும் பழைய தோட்ட முகவரியிலேயே பலர் இருக்கிறார்கள். நாளை வட்டாரம் பிரித்தால் தாமானில் உங்கள் தலை எண்ணப்படாது.