உட்கரு இல்லாவிட்டால் எல்லாம் கலந்துவிடாதா?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள், பாக்டீரியாவுக்கு உட்கருவே கிடையாது என்கிறாள். அப்படியானால் எந்த மரபணுச் செய்தி எங்கே போகவேண்டும் என்பதெல்லாம் குழம்பிப் போகாதா? நான் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவள். தயிர் பாக்டீரியாவும் இப்படித்தானா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மகள் சொன்னது சரிதான் அம்மணி. ஆனால் குழப்பம் இல்லை. நீங்கள் பால்காரர், பாலிலிருந்தே ஆரம்பிக்கலாமுங்க.

நம் குடலில் வாழும் ஈ.கோலையின் நீளம் சுமார் 2 மைக்ரான். பால் சர்க்கரையான லாக்டோஸைத் தின்ன அதனிடம் 3 மரபணுக்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று சர்க்கரையை வெட்டும் நொதிக்கு. இன்னொன்று சர்க்கரையை உள்ளே இழுக்கும் புரதத்துக்கு. இது செல்லின் சவ்வில் போய் உட்கார வேண்டியது. (மூன்றாவதை விட்டுவிடுவோம், அது இல்லாமலும் பாக்டீரியா லாக்டோஸைத் தின்னும்.) மூன்றும் ஒரே ஆர்.என்.ஏ. இழையில் சேர்ந்தே படியெடுக்கப்படும். நீங்கள் கேட்ட 'செய்தி' இந்த இழைதான். லாக்டோஸ் கிடைக்காதபோது ஒரு தடுப்புப் புரதம் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு படியெடுக்க விடாது. இந்த ஏற்பாட்டுக்கு 'ஒபரான்' என்று பெயர். பிரெஞ்சு விஞ்ஞானிகள் ழாக்கோப், மோனோ இருவரும் 1961இல் விளக்கினார்கள். 1965இல் நோபலும் வந்தது.

அடுத்தது வேகம். சோமனூர்த் தறியில் துணி இறங்க இறங்கவே தையல்காரர் சட்டை தைக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? பாக்டீரியாவில் அப்படித்தான்: ஆர்.என்.ஏ. முழுதாக வெளிவரும் முன்பே, புரதம் செய்யும் நுண் இயந்திரங்களான ரைபோசோம்கள் அதில் ஏறி வேலையைத் தொடங்கிவிடும். நம் செல்லில் உட்கருவின் உறை குறுக்கே நிற்பதால் இது நடக்காது.

சரி, செய்தி எங்கே போகிறது? எம்.எஸ்.2 என்ற வைரஸின் உறைப் புரதத்தோடு பச்சையாய் ஒளிரும் புரதத்தைச் சேர்த்து, ஆர்.என்.ஏ.வோடு ஒட்டவிட்டுப் பார்த்தார்கள். 2010இல் வந்த ஆய்வில், காலோபாக்டர் என்ற இன்னொரு பாக்டீரியா, ஈ.கோலை இரண்டிலுமே செய்திகள் தாம் பிறந்த மரபணுவின் பக்கத்திலேயே நின்றன. 2011இல் ஜெருசலேம் குழு வேறொன்றைக் கண்டது: சவ்வுப் புரதத்துக்கான செய்திகள் சவ்வோரம் போய்ச் சேர்ந்திருந்தன, அதுவும் புரதம் தயாரிப்பதை நிறுத்திய பிறகும். ஆக, முகவரி ஆர்.என்.ஏ.விலேயே இருக்கிறது. இரண்டில் எது சரி என்று சண்டை போடத் தேவையில்லை. செய்திக்குச் செய்தி வழக்கம் மாறும் என்றே நான் நினைக்கிறேன்.

எங்கே போனாலும் பல செய்திகளின் ஆயுள் சில நிமிடம்தான். ஈ.கோலையில் அவற்றை வெட்டித் தள்ளும் முக்கிய நொதியான ஆர்.என்.ஏஸ்-ஈ, சவ்வின் உட்புறத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் உங்கள் தயிர்: உறைமோரில் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவுக்கும் உட்கரு இல்லை, ஒபரான் உண்டு. ஆனால் மேலே சொன்ன பச்சை வெளிச்சச் சோதனைகள் தயிர் பாக்டீரியாவில் நடந்தவை அல்ல என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள்.