கணக்கு முடியும் முன் ஊர் திரும்பலாமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 21. தேவகோட்டைக்கு அருகில் உள்ள ஒரு நகரத்தார் ஊரைச் சேர்ந்தவன். பள்ளிக் காலத்திலிருந்தே சாலை சைக்கிள் பந்தயங்களில் ஓட்டி, மாநில அளவில் பதக்கம் வாங்கி, தேசியப் போட்டி வரை சென்றிருக்கிறேன். தொலைநிலைக் கல்வியில் பி.காம். படித்துக்கொண்டே, இப்போது பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஒரு வாடகை வீட்டில், பல நாடுகளிலிருந்து வந்த பந்தய வீரர்களோடு தங்கியிருக்கிறேன். சென்ற ஆண்டும் இங்கு வந்தவன் என்பதால், இடம் புதிது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது.

இங்கே கெர்மெஸ் என்ற பெயரில் ஊருக்கு ஊர் பந்தயம் நடக்கும். ஏழெட்டு கிலோமீட்டர் சுற்றையே திரும்பத் திரும்பச் சுற்றி 110, 120 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். காரைக்குடிச் சாலைகளில் நான் பழகியதெல்லாம் நேர்பாதையும் வெயிலும்தான். இங்கே வளைவுக்கு மேல் வளைவு, பக்கவாட்டுக் காற்று, மழை, இடையிடையே கல் பாவிய தெரு. மிகவும் பின்தங்கியவர்களை நடுவர்கள் பந்தயத்திலிருந்து விலக்கிவிடுவார்கள். பெரும்பாலும் நானும் அவர்களில் ஒருவன். பந்தயத்துக்கு முன் அந்த ஊர்க் கடையொன்றில் பணம் கட்டிப் பெயர் பதிந்து, முதுகில் குத்திக்கொள்ளும் எண்ணை வாங்குவோம். முடிந்தபின் எண்ணைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணத்தைத் தருவார்கள். பரிசுப் பணம் கொடுப்பதும் அதே மேசையில்தான். ஊக்குகளைக் கழற்றிவிட்டு, ஈரமான எண்ணைச் சுருட்டிப் பிடித்தபடி வரிசையில் நிற்கும்போது, எனக்கு முன்னால் நிற்பவர் பரிசுப் பணத்தை எண்ணி வாங்குவார். எனக்கு நான் கட்டிய முன்பணம் மட்டும் திரும்பி வரும்.

ஏப்ரலில் மழை நாளொன்றில் வளைவில் விழுந்தேன். எனக்குத் தோல் உரிந்ததோடு சரி, தலைக்கவசத்தில் விரிசல். பக்கத்தில் வந்தவருக்குக் காறை எலும்பு முறிந்தது. அதன் பிறகு வளைவு வருவதற்கு வெகு முன்பே என் விரல் பிரேக்கை அழுத்திவிடுகிறது. எடை குறைந்தால் ஏற்றங்களில் எளிதாக இருக்கும் என்று இணையவழிப் பயிற்சியாளர் சொன்னதால் காலையும் இரவும் எடை பார்க்கிறேன். ஆத்தா அனுப்பிய தேன்குழலும் மாவுருண்டையும் அலமாரியில் டப்பா திறக்காமலே இருக்கின்றன. எடை குறைந்ததும் பயிற்சியாளர் பாராட்டினார். ஆனால் மிதிக்கும் வலுவும் குறைந்துவிட்டது. இரவில் தூக்கம் வருவதில்லை, சளி விட்டு விட்டுப் பிடிக்கிறது. காலையில் பயிற்சி உடையை அணிந்த பிறகும் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன்.

பந்தயம் முடிந்த கையோடு அப்பச்சி (என் அப்பா) அழைப்பார். ஊரில் அப்போது இரவு ஒன்பதரை இருக்கும். "எத்தனாவதாக வந்தாய்?" என்பதுதான் முதல் கேள்வி. "முடிக்கவில்லை" என்றால் சற்று நேரம் பேச்சே இருக்காது. என் செலவுக்காக வங்கி வைப்புத்தொகையை முன்கூட்டியே எடுத்தவர் அவர். இதுவரை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. அதுவே எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. அப்பத்தா மட்டும், "உங்க பாட்டையா சின்ன வயசுலயே பினாங்குக்குக் கொண்டுவிக்கப் போயி, மூணு வருசக் கணக்க முடிச்சிட்டுத்தான் கப்பல் ஏறுனாக" என்பார். கொண்டுவிக்க என்றால் கடல் கடந்து தொழில் செய்ய.

ஜூன் நடுவில் என் விசா முடிகிறது. ஆகஸ்ட் மாதப் பந்தயங்களையும் ஓட்ட வேண்டுமானால் நீண்டகால விசாவுக்கு இப்போதே முயல வேண்டும் என்கிறார்கள். எனக்கு இந்த விளையாட்டு வேண்டாமா, தோற்பதுதான் வேண்டாமா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கணக்கு முடியும் முன் ஊர் திரும்பினால் கோழை என்று ஆகிவிடாதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்குச் சற்றுப் பிறகு வருகிறேன். அதற்கு முன், எடையையும் தூக்கத்தையும் பற்றி நீங்கள் நான்கைந்து வரிகளில் எழுதிவிட்டுக் கடந்துபோன இடத்தில் என்னால் கடந்துபோக முடியவில்லை. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாத விளையாட்டு வீரர்களுக்கு வலு குறைவதும், தூக்கம் கெடுவதும், அடிக்கடி சளி பிடிப்பதும், எரிச்சலும் மனச்சோர்வும் வருவதும் மருத்துவர்கள் நன்கு அறிந்த நிலை. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் இதற்கு ஒரு பெயரே கொடுத்து, இது பெண்களுக்கு மட்டும் உரியதன்று, ஆண்களுக்கும் வரும் என்று தெளிவுபடுத்தியது. ஆண்களிடத்தில் டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. அதோடு ஆசையும் ஊக்கமும் குறைகின்றன. சைக்கிள் ஓட்டுவது உடல் எடையை எலும்புகளின்மேல் சுமத்தாத உடற்பயிற்சி என்பதால் சாலைப் பந்தய வீரர்களுக்கு எலும்படர்த்தி குறைவாக இருப்பது ஏற்கெனவே வழக்கம். அதன்மேல் பட்டினியும் சேர்ந்தால், அடுத்த முறை விழும்போது தோல் உரிவதோடு போகாது.

ஆகவே, "இந்த விளையாட்டு எனக்கு வேண்டாமா?" என்ற கேள்வியை இப்போது கேட்டால், அதற்குப் பதில் சொல்வது உங்கள் மனமாக இருக்காது, பசித்த உடலாகத்தான் இருக்கும். இந்த வாரமே ஒரு விளையாட்டு மருத்துவரைப் பாருங்கள். இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து, வைட்டமின் டி, தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். தலைக்கவசத்தில் விரிசல் விழும் அளவுக்கு அடிபட்டதையும் மறவாமல் சொல்லுங்கள். தலையில் அதிர்ச்சி ஏற்பட்டவர்களுக்கும் தூக்கமின்மையும் மனச்சோர்வும் வரலாம். எடை பார்க்கும் கருவியை வீட்டில் உள்ள ஒருவரிடம் கொடுத்து வைத்துவிடுங்கள். எடை குறைந்ததைப் பாராட்டிவிட்டு, தூங்கினாயா என்று கேட்காத பயிற்சியாளரின்மீது எனக்குக் கோபம் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. மருத்துவர் சொல்வதை அவருக்கு எழுத்தில் அனுப்புங்கள், அதை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைக் கொண்டு அவரோடு தொடர்வதா என்று முடிவு செய்யுங்கள்.

நீண்ட பந்தயங்களில் மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்து உண்ண வேண்டும் என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஐரோப்பியத் தொழில்முறை அணிகளின் உதவியாளர்கள் அரிசியைக் குழைய வேகவைத்து, இனிப்புச் சேர்த்து, துண்டு போட்டுத் தாளில் சுற்றி, வீரர்களின் சட்டைப்பையில் வைத்து அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் செட்டிநாட்டுப் பிள்ளை சோற்றுக்கு அஞ்சி உட்கார்ந்திருப்பது எனக்கு வேடிக்கையாகவும் வருத்தமாகவும் இருக்கிறது. பந்தயத்தின் நடுவே தேன்குழல் வேண்டாம். அறையில் இருக்கும்போது அந்த டப்பாவைத் திறக்கலாம்.

வளைவில் பிரேக்கை அழுத்தும் விரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழுந்து, பக்கத்தில் ஒருவருக்கு எலும்பு முறிவதையும் பார்த்த பிறகு அச்சம் வராவிட்டால்தான் வியப்பு. ஆனால் அந்த அச்சம் உங்களைக் கூட்டத்தின் கடைசிக்குத் தள்ளுகிறது. முன்னால் செல்பவர்கள் வளைவில் சற்றே வேகம் குறைத்து மேலே போய்விடுவார்கள். கடைசியில் இருப்பவர் ஏறக்குறைய நின்று, மறுபடி முழு வலுவையும் கொடுத்து அவர்களை எட்டிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வளைவிலும் இது நடந்தால் எவ்வளவு வலுவான கால்களும் பாதிப் பந்தயத்தில் ஓய்ந்துவிடும். பந்தயத்தை முடிக்க முடியாமல் போவதற்குத் திறமைக் குறைவு காரணம் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். கடிதத்தைப் படித்த எனக்கு உணவும் அச்சமும் சேர்ந்து செய்த வேலையாகவே தெரிகிறது. உடல் தேறிய பிறகு, உலர்ந்த சாலையில், நம்பிக்கையான ஒரு நண்பர் முன்னால் செல்ல, ஒரே வளைவை மெதுவாகத் தொடங்கிப் பல முறை ஓட்டிப் பழகுங்கள். பிறகு இருவர் அருகருகே, அதன் பிறகு சிறு குழுவாக. அதற்குள் மழை நாள் பந்தயத்தில் பெயர் கொடுக்க வேண்டாம்.

இனி உங்கள் பாட்டையாவைப் பற்றி. அப்பத்தா சொல்வது உண்மைதான். ஆனால் அது பாதிக் கதை. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இரங்கூனுக்கும் போன நகரத்தார் தனியாக ஓர் அறையில் கிடக்கவில்லை. தொழிலும் தங்குமிடமும் ஒன்றாக இருந்த கிட்டங்கியில் பலர் சேர்ந்து தங்கினார்கள். ஊர்ச் சமையல் இருந்தது. தொழில் கற்க வந்த பெட்டியடிப் பையனுக்கு மேலே அடுத்தாளும், அவருக்கு மேலே மேலாளும் இருந்தார்கள். பெட்டியடிப் பையன் கணக்கில் பிழை செய்தால் திருத்திக் கொடுப்பதற்கு ஆள் பக்கத்திலேயே இருந்தார். கும்பிடக் கோயிலும் கட்டிக்கொண்டார்கள். சிங்கப்பூர்த் தெண்டாயுதபாணி கோயில் 1859ஆம் ஆண்டிலேயே எழுந்தது. இவை அனைத்தையும் விட முக்கியமானது, அவர்களுக்குத் தவணை இருந்தது. மூன்றாண்டுக் கணக்கு முடிந்தால் கப்பல் ஏறி ஊருக்கு வந்து, வீட்டாரோடு இருந்துவிட்டு, விரும்பினால் மறுபடி போவார்கள். ஊர் திரும்புவது அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. உங்களுக்கோ தவணையும் இல்லை, அடுத்தாளும் இல்லை. எதை முடித்தால் கணக்கு முடிந்தது என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் காணோம். முடிவு தேதியே இல்லாத ஒன்றை யாரால் முடிக்க முடியும்?

உங்கள் விளையாட்டிலேயே எடுத்துக்காட்டுகள் உள்ளன. எரித்திரியா நாட்டின் பினியம் கிர்மாய் 2022 மார்ச்சில் கெண்ட்–வெவெல்கெம் பந்தயத்தை வென்றார். அடுத்த ஞாயிறு ஃபிளாண்டர்ஸ் சுற்றுப் பந்தயம். அவரை அதில் பார்க்க எல்லோரும் ஆவலாக இருந்தார்கள். அவரோ, ஏற்கெனவே திட்டமிட்டிருந்தபடி, மனைவியையும் குழந்தையையும் பார்க்க ஊருக்குப் போய்விட்டார். அதனால் எதுவும் கெட்டுவிடவில்லை. 2024ஆம் ஆண்டு டூர் டி ஃபிரான்ஸில் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்கான பச்சைச் சட்டையும் பெற்றார். நெதர்லாந்தின் டாம் டூமூலின் 2021 ஜனவரியில், எனக்கு என்ன வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை என்ற நிலையில் பந்தயங்களிலிருந்து விலகி, சில மாதங்கள் கழித்துத் திரும்பி, அவ்வாண்டே டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றார். மறு ஆண்டு முழுவதுமாக ஓய்வு பெற்றுவிட்டார். இடைவெளி எடுத்தால் கட்டாயம் திரும்பி வந்து வெல்வீர்கள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஓய்வெடுத்த பிறகு எடுக்கும் முடிவு, போவதானாலும் நிற்பதானாலும், உங்களுடைய முடிவாக இருக்கும்.

விசாவைப் பொறுத்தவரை என் கருத்து தெளிவானது. குறுகிய கால ஷெங்கன் விசாவில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது என்ற விதியே உங்களுக்கு ஒரு தவணையைத் தந்திருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டு ஜூனில் ஊருக்கு வாருங்கள். நீண்டகால விசாவுக்கு இப்போது விண்ணப்பிக்க வேண்டாம். ஆகஸ்ட் பந்தயங்கள் இந்த ஆண்டு போனால் போகட்டும். மருத்துவர் சொல்லும் வரை சைக்கிளைத் தொடாமல், ஆத்தா கையால் மூன்று வேளையும் உண்டு, தூங்குங்கள். தீபாவளி வரை முடிவு எதையும் யாரிடமும் அறிவிக்க வேண்டாம். அதற்குப் பிறகு மறுபடி போக மனம் விழைந்தால், மூன்று மாதமோ ஒரு பருவமோ, தேதி குறித்துக்கொண்டு போங்கள். இன்ன வேகம், இன்ன இடம் என்பதை விட, "ஒரு பந்தயத்தையாவது கூட்டத்தோடு சேர்ந்து முடிப்பது" போன்ற எளிய இலக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பச்சியிடம் பேசும் நேரத்தை மாற்றுங்கள். பந்தயம் முடிந்து, சர்க்கரையும் நீரும் வற்றிய உடலோடு, வரிசையில் நின்று திரும்பிய கையோடு பேசும் பேச்சு எவருக்கும் நன்றாக வராது. கோடையில் பெல்ஜியத்துக்கும் நமக்கும் மூன்றரை மணி நேரம் வித்தியாசம்; நீங்கள் காலை எட்டு மணிக்குச் சாப்பிடும்போது ஊரில் பதினொன்றரை. அப்போது அழையுங்கள். மேலும், அவருடைய மௌனத்துக்கு நீங்களே ஒரு பொருள் கற்பித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஐயுறுகிறேன். முடிக்கவில்லை என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பெரும்பாலானோர் முடிக்காத பந்தயங்களும் உண்டு என்பதையும், நடுவர்கள் ஏன் விலக்குகிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். பணக் கவலைக்கு, கணக்கு எழுதிப் பழகிய குடும்பத்தில் வழி இருக்கிறது: வந்தது, செலவானது, மீதி ஆகியவற்றை ஐந்தொகையாக எழுதி ஜூனில் அவர் கையில் கொடுங்கள். கடன்பட்ட உணர்வைச் சுமந்துகொண்டு பேசாமல் இருப்பதை விட அது இருவருக்கும் எளிது.

ஒன்றை மட்டும் நேராகக் கேட்கிறேன். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அந்தக் காலைகளில், உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்ததா? வந்திருந்தால் ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். உடன் தங்கியிருப்பவர் ஒருவரிடம் அன்றே சொல்லி, அவசரமானால் 112ஐ அழையுங்கள். ஊருக்கு வந்த பிறகு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மருத்துவர் அறிக்கை வந்ததும், அதில் உள்ளதைக் குறிப்பிட்டு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.