வீட்டை விற்க முடியாத ஊர்

கேள்வி: வெளிநாட்டில் படித்தபோது நீங்கள் பார்த்த இடங்களில் உங்களை அதிகம் யோசிக்க வைத்தது எது?

கோபன்ஹேகனில் இருக்கும் கிறிஸ்டியானியா. சிங்கப்பூரிலிருந்து மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் டென்மார்க் போயிருந்தபோது பார்த்தேன். ராணுவம் காலி செய்துவிட்டுப் போன முகாமுக்குள் 1971இல் வேலியைப் பிரித்துப் புகுந்தவர்கள், ‘இது தன்னாட்சி ஊர்’ என்று அறிவித்துக் குடியேறிவிட்டார்கள். இன்றும் ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். உள்ளே கார் ஓடாது. முன்னால் பெரிய பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிளில்தான் பிள்ளைகளும் மளிகைச் சாமானும் போகின்றன.

பெயரைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது கஞ்சா விற்ற புஷர் தெருவைப் பற்றித்தான். அம்மாவும் போனில் அதைத்தான் கேட்டார். சிங்கப்பூரர்கள் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான், அதனால் அவர் கவலை நியாயமானது. படம் எடுக்காதீர்கள், ஓடாதீர்கள் என்று அறிவிப்பு வைத்திருந்தார்கள். யாராவது ஓடினால் போலீஸ் வந்துவிட்டது என்று எல்லாரும் பதறிவிடுவார்களாம்.

என்னைப் பிடித்துக்கொண்டது வீட்டு விஷயம். எங்களைச் சுற்றிக் காட்டிய பெண்மணி அங்கேயே குடியிருப்பவர். அவர் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. இடித்த கட்டடங்களிலிருந்து எடுத்து வந்து பொருத்தியவை. இதை விற்றால் என்ன விலைக்குப் போகும் என்று கேட்டேன். எங்கள் குடும்பத்தில் தீபாவளிக்கு நாலு பேர் கூடினால்கூட வீவக (சிங்கப்பூர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகளின் மறுவிற்பனை விலை பேச்சில் வந்துவிடும். “விற்க முடியாது. நான் போய்விட்டால் அடுத்து யார் என்று இந்தப் பகுதிக்காரர்கள் கூடி முடிவு செய்வார்கள்” என்றார். காலியாகும் வீட்டை ஊரின் வாரப் பத்திரிகையில் அறிவிப்பார்கள். விண்ணப்பிக்கிறவர் கூட்டத்துக்கு வந்து தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓட்டெடுப்பு கிடையாது, எல்லாரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவார்கள்.

வீடு குடியிருக்க மட்டும்தான் என்று ஒரு ஊரே உறுதியாக நிற்பது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அக்கம்பக்கத்தார் கூடித்தான் ஆளைத் தேர்வு செய்வார்கள் என்றால், தங்களைப் போன்றவர்களைத்தானே எடுப்பார்கள்? அந்தக் கூட்டத்தில் என் அப்பா போய் நின்றால்? சிங்கப்பூரில் எங்களுக்கு வீவக வீடு கணினிக் குலுக்கலில் கிடைத்தது. கணினிக்கு எங்கள் நிறமோ பேச்சோ தெரியாது. 1989 முதல் ஒவ்வொரு வீவக புளோக்கிலும் எந்த இனத்தவர் எவ்வளவு வரை இருக்கலாம் என்ற இன விகிதம் இருப்பதால் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று ஒரே மாடியில் வளர்ந்தோம். அதே விகிதத்தால் மறுவிற்பனையில் வாங்க ஆள் குறைந்து நம்மவர்கள் சிரமப்படுவதும் உண்மை. இருந்தாலும் அந்தக் குலுக்கலை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கிறிஸ்டியானியாவை அப்படியே தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன். எல்லாரும் ஒத்துப்போக வேண்டும் என்ற விதியை வைத்துக்கொண்டு, கஞ்சா வியாபாரம் கும்பல்கள் கைக்குப் போனதை அவர்களால் பல ஆண்டுகள் தடுக்க முடியவில்லை. 2023இல் அங்கே துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போனது. 2024 ஏப்ரலில் குடியிருப்பவர்களே கடப்பாரை எடுத்து அந்தத் தெருவின் கற்களைப் பெயர்த்து மூடினார்கள். அந்தச் செய்தியைச் சிங்கப்பூரில் படித்தபோது மனம் நிறைந்தது.

போகிறவர்களுக்கு: கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். அங்கே குடியிருப்பவர் நடத்தும் சுற்றில் சேர்ந்துகொள்ளுங்கள். கடைத்தெருவோடு திரும்பிவிடாமல் அகழிக்கரை வீடுகள்வரை போங்கள்.